மாறாதது என்று நான் எழுதிய பாறை

பத்து இருபத்திரண்டுக்குக் கடக்கும்.
மேலே எதுவும் தெரியாது, சத்தமும் வராது.
பூம்பாறைக்கு மேற்கே இந்த மொட்டைப் பாறையில்
வெள்ளைத் தட்டை மட்டம் பார்த்து வைத்துவிட்டு
நிறமாலைமானியைப் பிடித்தபடி
மூடுபனி விலகட்டும் என்று நிற்கிறேன்.
டிரைவர் ஆரோக்கியம் ஜீப்புக்குள் தூங்குகிறார்.
அவர் சட்டை வெள்ளை. கிட்டே வரவேண்டாம் என்று
முதல் நாளே சொல்லியாயிற்று,
அவருடைய வெளிச்சமும் கணக்கில் ஏறிவிடும்.
நான் கறுப்புச் சட்டையில்தான் வருவது.
மாலை போட்டிருக்கீங்களா சார் என்று
டீக்கடையில் கேட்டார்கள்.

செயற்கைக்கோளுக்கு மலை தெரியாது.
திரும்பிவரும் வெளிச்சம் ஓர் எண்ணாகத் தெரியும்.
அந்த எண்ணிலும் எல்லாம் மலையுடையதல்ல:
நடுவில் நின்ற காற்று,
அடிவாரத்துச் சூளைப் புகை,
ஜனவரியில் சாய்ந்த வெயில்,
வயதாகிக் கண் மங்கிய கேமரா.
இத்தனையும் கழித்தால்தான்
முப்பது வருஷத்துப் படங்களை
ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்து
புல்வெளி எங்கே போனது என்று கேட்க முடியும்.

கழிப்பதற்கு இரண்டு சாட்சி வேண்டும்.
என்றைக்கும் இருட்டாய் ஒன்று:
பேரிஜம் ஏரியின் நடுத்தண்ணீர்.
என்றைக்கும் வெளுப்பாய் ஒன்று: இந்தப் பாறை.
மரம் பிடிக்காது, யாரும் உழமாட்டார்கள்,
மொத்தம் ஆறு பிக்சல்.
எல்லாப் படத்தையும்
இதன் நிறத்துக்கு இழுத்துக் கட்டினேன்.
குறிப்பேட்டில் எழுதினேன்: மாறாதது.

2003 மார்ச் படத்தில் பாறை வெளுத்திருந்தது.
இருபத்தொன்று இருக்கவேண்டிய இடத்தில்
இருபத்தாறு.
பாறை வெளுக்குமா?
கேமராதான் கூட்டிச் சொல்கிறது.
படம் முழுவதையும் கொஞ்சம் இறக்கினேன்.
பாறை வழிக்கு வந்தது,
மன்னவனூர்ப் புல்வெளி இருண்டது.
'சீகை வேகமாய்ப் பரவிய ஆண்டு'
என்று அறிக்கையில் ஒரு வரி.
மறு வருஷம் வெளிச்சம் திரும்பி வந்ததற்கும்
காரணம் கிடைத்தது எனக்கு:
'காட்டுத்தீ.'

இன்று பனிக்குள்ளிருந்து வந்தார் குழந்தைவேலு,
முதுகில் மருந்தடிக்கும் டப்பா.
என்ன அளக்குறீங்க?
பாறையோட நிறத்தை.
அவர் சிரிக்கவில்லை.
எந்த வருஷத்து நிறத்தை, என்றார்.

பூண்டு விலை விழுந்த வருஷம்
சந்தைக்குக் கொண்டுபோனால்
லாரி வாடகைக்கே காணவில்லையாம்.
பரணெல்லாம் நிறைந்து,
அடுப்புப் புகை படவும் இடமில்லாமல்,
விதைக்கு எடுத்தது போக மிச்சத்தை
நாற்பது வீட்டுக்காரரும் இங்கே கொட்டி
விளிம்புவரை பரப்பினார்களாம்.
விலை ஏறும், ஏறும் என்று இருபது நாள்.
ராக்காவல் இவர்தான், பத்தொன்பது வயதில்.
"நிலா அடிச்சா கண்ணு கூசும் சார்.
அம்புட்டு வெள்ளை."
பிறகு?
"பிறகென்ன, மழை."

பத்து இருபதுக்குப் பனி விலகியது.
தட்டைத் துடைத்தேன்.
தள்ளி நில்லுங்க என்றேன், கொஞ்சம் கூச்சமாக.
அவர் சட்டை கருநீலம்தான்,
ஆனாலும் நாலடி நகர்ந்து நின்றார்.
இருபத்தொன்று.
பாறை தன் எண்ணில்தான் இருந்தது.

அறைக்குப் போய் அந்த மார்ச்சைத் திறக்கவேண்டும்.
இறக்கியதை ஏற்றவேண்டும்,
சீகையை வெட்டவேண்டும்,
எரியாத தீயை அணைக்கவேண்டும்.
கேமரா அன்றைக்குச் சரியாகத்தான் பார்த்தது.
விற்காத பூண்டைப் பார்த்தது.
அதைத்தான் நான் பிழை என்று கழித்தேன்.

அந்தப் படத்துல நான் இருப்பேனா?
இல்லை, ஒரு புள்ளிக்கே முப்பது மீட்டர்.
பூண்டு?
தெரியுது.
போதும் என்றோ போதாது என்றோ
சொல்லாமல் டப்பாவை ஏற்றிக்கொண்டு
கேரட் காட்டுப் பக்கம் இறங்கினார்.

குறிப்பேட்டை எடுத்தேன்.
மாறாதது என்ற சொல்லை அடிக்கவில்லை.
ஓரத்தில், சின்ன எழுத்தில்:
பூண்டு காயாத நாட்களில்.